ஒரு வாசகனின் கேள்விகள்

சசிரேகா டீச்சர் அந்த வலைப்பூவைத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீலகிரியில் எமரால்டு என்ற ஊருக்கு மேலே, தேயிலைக்கும் கேரட் காடுகளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு அரசாங்கம் சில கணினிகளைக் கொடுத்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றில் வட்டமும் சதுரமும் வரைந்து அலுத்துப்போய், அடுத்து என்ன என்று கேட்டார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் பாடப் புத்தகத்தில் இருப்பதையே திருப்பி எழுதும் பிள்ளைகள் அவர்கள். முகம் தெரியாத யாரோ படிக்கப் போகிறார்கள் என்று சொன்னால் வேறு மாதிரி எழுதுவார்களா என்று பார்க்க நினைத்தாள்.

வேறு மாதிரிதான் எழுதினார்கள். உருளைக்கிழங்குக் காட்டுக்குள் காட்டெருமை வந்தபோது தன் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்தே கத்தினார் என்று வினோத் எழுதினான். பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நூர் அகமதுவின் மகள் நாஜ்னீன், பால் பொங்கும் நேரத்தில் அத்தாவிடம் யார் என்ன கேட்டாலும் அவர் காதில் விழாது என்று எழுதினாள். டீச்சர் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பிள்ளைகளின் பெயரோடு வெளியிட்டாள். வலைப்பூவுக்கு 'எமரால்டு ஐந்தாம் வகுப்பு' என்று பெயர் வைத்தாள். யாராவது கருத்து எழுதினால் அது முதலில் அவளுடைய கைப்பேசிக்குத்தான் வரும். அவள் அனுமதித்த பிறகே பிள்ளைகள் கண்ணில் படும். அது போதுமான பாதுகாப்பு என்று அவள் நம்பினாள்.

பிரீத்தி அந்த வகுப்பில் அதிகம் பேசாத பெண். மூன்றாம் வகுப்பின் பாதியில், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல், அம்மா மாலதியோடு பல்லடம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள். தலைமையாசிரியர் ஹெர்பர்ட் சார் அதிகம் விசாரிக்காமல் சேர்த்துக்கொண்டார். அப்பா வெளியூரில் வேலையில் இருப்பதாக மாலதி சொன்னாள். அவள் கேரட் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன்பே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்களில் ஒருத்தி. ஊரில் யாருக்கும் அவளைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. அவளும் தெரிவிக்கவில்லை.

வலைப்பூவைப் பற்றி ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சிறிய செய்தி வந்தது. மடிக்கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் படம் ஒன்றும் அதில் இருந்தது. பிரீத்தி ஓரத்தில் நின்றாள், முகம் தெளிவாக விழுந்திருந்தது. அந்தச் செய்தியைப் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். வாழ்த்துச் சொல்லிச் சில கருத்துகள் வந்து, பிறகு நின்றுபோயின. ஒருவர் மட்டும் தொடர்ந்து வந்தார். 'ஒரு வாசகன்' என்று கையெழுத்திட்டிருந்தார்.

அவருடைய முதல் கருத்து, பனியைப் பற்றிப் பிரீத்தி எழுதியிருந்த நான்கு வரிகளுக்குக் கீழே இருந்தது. 'நன்றாக எழுதியிருக்கிறாய். பனி விலகும்போது உன் வீட்டு ஜன்னலிலிருந்து முதலில் எது தெரியும்?'

பிரீத்தி அந்தக் கேள்வியைப் பலமுறை படித்தாள். மறுநாள் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். முதலில் தண்ணீர்த் தொட்டியின் தலை தெரியும், பிறகு அதன் கால்கள் தெரியும், நடுவில் கொஞ்ச நேரம் தொட்டி காற்றில் நிற்பது போல இருக்கும் என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு வாக்கியத்தை ஐந்தாம் வகுப்பில் யாரிடமிருந்தும் டீச்சர் எதிர்பார்த்ததில்லை.

வாசகன் தொடர்ந்து கேட்டார். பள்ளிக்கு எந்த வழியாக வருகிறாய், வழியில் என்ன சத்தம் கேட்கும்? உன்னோடு யார் வருவார்கள்? மாலையில் வீட்டில் முதலில் விளக்குப் போடுவது யார்? எப்போதாவது வினோத்திடமும் நாஜ்னீனிடமும் ஒரு கேள்வி கேட்பார். ஆனால் பிரீத்திக்குத்தான் அதிகம். மற்ற பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. பிரீத்தியின் எழுத்து வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. வகுப்பில் அவளாகவே கை தூக்கவும் தொடங்கினாள்.

ஊட்டியில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் சசிரேகா இதைத் திரையில் போட்டுக் காட்டினாள். ஒரு பிள்ளையை 'நன்றாக எழுது' என்று சொல்வதைவிட, அந்தப் பிள்ளை பார்த்ததைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்பது எவ்வளவு பலன் தருகிறது என்பதற்கு உதாரணமாக அந்த வாசகனின் கேள்விகளை வரிசையாக வைத்தாள். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சசிரேகாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் வந்த கருத்து இப்படி முடிந்தது: 'மழையில் நனையாதே. உனக்கு மூச்சு வாங்கும்.' அக்கறையுள்ள மனிதர் என்று நினைத்து டீச்சர் அனுமதித்தாள்.

அதற்குப் பிறகு பிரீத்தியின் எழுத்தில் ஏதோ மாறியது. நடந்து வருகிற பெண், ஊட்டி பஸ்ஸில் வருவதாக எழுதினாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருப்பதாகவும் அதில் படகு ஓடுவதாகவும் எழுதினாள். அம்மா ஊட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்வதாக எழுதினாள்.

டீச்சர் அவளைக் கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். நீ நடந்துதானே வருகிறாய் என்று கேட்டாள். ஏரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பார்த்ததை எழுத வேண்டும், பார்க்காததை எழுதினால் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னாள். அம்மாவின் வேலையைப் பற்றிய வரி அவளுக்கு வேறு மாதிரி வருத்தம் தந்தது. பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் வகுப்பு முழுவதற்கும் உழைப்பைப் பற்றிப் பேசினாள். கேரட் கழுவுவதில் கேவலம் எதுவும் இல்லை என்றாள். பிரீத்தி பஸ்ஸை அழித்தாள், ஏரியை அழித்தாள், துணிக்கடையை அழித்தாள். பள்ளத்தில் ஓடை ஓரமாக இருக்கும் கேரட் கழுவும் இடத்தையும், அங்கிருந்து அம்மா திரும்பி வரும் பாதையையும் எழுதினாள். டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியிட்டாள்.

பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. வழக்கமாக மாலதி வருவதில்லை. அன்று கேரட் லாரி வராததால் சீக்கிரம் வேலை முடிந்து வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சசிரேகா பெரிய திரையில் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் காட்டி, பிறகு பிரீத்தியின் பக்கத்துக்கு வந்தாள். அவளே ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தாள். வாசகன் என்று ஒருவர் எவ்வளவு ஊக்கம் கொடுக்கிறார் என்று சொல்லி, அவருடைய கருத்துகளையும் மேலே நகர்த்திக் காட்டினாள்.

மாலதிக்கு வேகமாகப் படிக்க வராது. எல்லோரும் கை தட்டும்போதும் அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அந்த மூச்சு வாங்கும் என்று எழுதியிருந்ததை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். சசிரேகா காட்டினாள்.

"இது எழுதினது அவங்கப்பனுங்க டீச்சர்," என்றாள் மாலதி. "சின்னதுல அவளுக்கு வீசிங் இருந்துச்சுங்க. இங்க வந்தப்புறம் ஒருக்காகூட வரலைங்க. வேற யாருக்கு அது தெரியும்?"

பிறகு அவள் மீதியைச் சொன்னாள். கணவன் ரமேஷ் தறி ஓட்டுகிறவன். குடிக்காத நாட்களிலும் அடிப்பான். ஒரு தடவை கை முறிந்தது. அக்கா வீட்டுக்குப் போனாள், அங்கே வந்து கூட்டிக்கொண்டு போனான். அவிநாசிக்குப் போனாள், அங்கேயும் கண்டுபிடித்தான். மூன்றாவதாக, தெரிந்தவர் யாருமே இல்லாத ஊராகப் பார்த்து இங்கே வந்தாள். சொல்லும்போது அவள் அழவில்லை. சசிரேகா உட்காரச் சொன்னபோது, மணியாகிவிட்டது, பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று கிளம்பிவிட்டாள்.

வலைப்பூவை அப்போதே மூடினாள் சசிரேகா. மூடுவதற்கு முன்பு அந்தக் கருத்துகளை எல்லாம் ஒருமுறை முதலிலிருந்து படித்தாள். ஜன்னலிலிருந்து எது தெரியும். எந்த வழி. யார் கூட வருவார்கள். யார் முதலில் விளக்குப் போடுவார்கள். தனித்தனியாக வந்தபோது அவை நல்ல கேள்விகளாக இருந்தன. இப்போது சேர்த்துப் படித்தபோது ஒரு வீட்டுக்கு வழி கேட்பது போல இருந்தது. வழியைச் சொல்லாமல் மறைக்கப் பார்த்த பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, சரியான வழியை எழுத வைத்தது தான்தான் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை பிரீத்தியைத் தனியாக அழைத்து, வாசகன் யாரென்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று அவள் தலையாட்டினாள். மழையில் நனையாதே என்று வந்த அன்றைக்கே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நிறுத்திவிடுவீர்கள் என்றாள். அப்புறம் எதற்காக ஏரி, பஸ் என்றெல்லாம் எழுதினாய் என்று கேட்டபோது மேசையின் விளிம்பைத் தடவினாள்.

"அவரு படிக்கோணும்னு இருந்துச்சுங்க டீச்சர்," என்றாள். "வந்துரக் கூடாதுன்னும் இருந்துச்சுங்க."

சசிரேகா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிரீத்திக்குத் தெரியவில்லை. பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஹெர்பர்ட் சார் பயந்த சுபாவமுள்ளவர். விஷயத்தைக் கேட்டதும், வலைப்பூ இருந்ததாகவே யாரிடமும் பேச வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அன்று மாலையே அவராகவே குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசினார். அம்மாவைத் தவிர வேறு யார் வந்து கேட்டாலும் பிரீத்தியை அனுப்பக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிவைத்தார். நூர் அகமதுவிடமும் சொன்னார். வெளியூர் முகம் எது வந்தாலும் முதலில் அவர் கடையில்தான் டீ குடிக்கும்.

அப்படித்தான் நடந்தது. ரமேஷ் வந்த அன்று மழை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கையில் வண்ணப் பென்சில் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். டீ குடித்துவிட்டு, இந்தப் பள்ளிதானே பேப்பரில் வந்தது என்று கேட்டான். நூர் அகமது ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவன் காசு கொடுத்துத் திரும்பியதும் ஹெர்பர்ட் சாருக்குப் போன் செய்தார். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு, கேரட் கழுவும் இடத்துக்குப் பைக்கில் கிளம்பினார்.

ஹெர்பர்ட் சார் தன் அறையில் காவல் நிலையத்துக்குப் பேசிக்கொண்டிருந்ததால், வாசலில் ரமேஷைச் சந்தித்தது சசிரேகாதான். குரலை உயர்த்தும் ஒருவனை அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் கும்பிட்டான்.

"நீங்கதானுங்களா டீச்சர்? உங்க பிளாக்னாலதானுங்க எம்புள்ள எங்க இருக்குதுன்னே தெரிஞ்சுது. ரொம்ப நன்றிங்க."

அவள் வாழ்நாளில் கேட்ட நன்றிகளில் அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை என்று பிற்பாடு ஒரு தோழியிடம் சொன்னாள். அந்த நிமிடம் அவள் செய்தது, கேட்டைச் சாத்தியது மட்டும்தான். அம்மா வராமல் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவன் கெஞ்சினான். பிரீத்தி எழுதியதை எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். தண்ணீர்த் தொட்டி காற்றில் நிற்பதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை என்றுதான் சசிரேகாவுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாலதி ரப்பர் பூட்ஸோடும் நனைந்த ஏப்ரனோடும் நூர் அகமதுவின் பைக்கில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கூட வேலை செய்யும் பெண்கள் சிலர் ஒரு பிக்கப் வண்டியில் வந்தார்கள். ரமேஷ் முதலில் சமாதானமாகப் பேசினான். வீட்டுக்குப் போலாம் வா என்றான். அவள் வரவில்லை என்றதும் பேச்சு மாறியது. பிள்ளையைத் திருடிக்கொண்டு வந்தவள் என்றான். பென்சில் பெட்டியைக் கீழே எறிந்துவிட்டு அவள் முழங்கைக்கு மேலே பிடித்தான். முன்பு முறிந்த கை அது.

மாலதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்தபடி பேசினாள்.

"மூணு ஊர் மாறிட்டனுங்க உங்களுக்குப் பயந்து. இனி மாற மாட்டேன். நான் எங்க இருக்கறேன், என்ன வேலை செய்யறேன்னு உங்களுக்கும் தெரியும், இந்த ஊருக்கும் இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. அது நல்லதுதான். கைய எடுங்க."

சுற்றி நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். நூர் அகமது ரமேஷின் தோளைத் தொட்டு, விடுப்பா என்று மட்டும் சொன்னார். அவன் விட்டான். காவலர்கள் வரும்வரை டீக்கடை பெஞ்சில் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

வகுப்பறை ஜன்னலில் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பிரீத்தி மட்டும் தன் இடத்திலேயே இருந்தாள் என்று நாஜ்னீன் பின்னால் சொன்னாள். சிதறிய பென்சில்களை ஹெர்பர்ட் சார் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மாலதியிடம் கொடுத்தார். அதைப் பிள்ளையிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். கொடுத்தாள்.

காவல் நிலையத்தில் அவனை எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மாலதி ஊட்டியில் வழக்குப் போட்டாள். சசிரேகா விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனாள். அவனுடைய கருத்துகளை எல்லாம் அச்செடுத்து வக்கீலிடம் கொடுத்தாள். அவை எப்படி வெளிவந்தன என்று கேட்டபோது தன் பெயரைச் சொன்னாள். மாலதி இருக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் அவன் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மாதம் ஒரு முறை, ஆலோசகர் முன்னிலையில், நீதிமன்றத்தின் அறை ஒன்றில் மகளைப் பார்க்கலாம்.

வலைப்பூ என்ன ஆனது என்று வினோத்தும் மற்றவர்களும் விடாமல் கேட்டார்கள். சசிரேகா நடந்ததில் ஒரு பகுதியை, அவர்களுக்குப் புரியும் அளவுக்குச் சொன்னாள். அருகில் உள்ள பிக்கட்டியில் அவளுடைய தோழி கோகிலவாணி ஐந்தாம் வகுப்பு எடுத்தாள். இரண்டு வகுப்புகளும் மட்டும் கடவுச்சொல் போட்டுத் திறக்கும்படி வேறொன்றைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பெயர்களை வைத்துக்கொண்டார்கள். ஊர் பெயரும் படமும் கிடையாது. எழுதுவதற்கு முன்பு, இதை யார் படிப்பார்கள், அவர்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று பேசுவது ஒரு பாடமாகவே ஆயிற்று. சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் விடலாம், அது தவறு அல்ல என்று சசிரேகா சொன்னாள். முதலில் யாருக்கும் அது பழைய வலைப்பூ போல இல்லை. பிக்கட்டிப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகக் கேள்வி கேட்டார்கள். உங்க டீச்சர் அடிப்பாங்களா என்று ஒருவன் கேட்டான். அதற்கு மட்டும் பதினைந்து பேர் பதில் எழுதினார்கள்.

பிரீத்தி எழுதவில்லை. சசிரேகா வற்புறுத்தவும் இல்லை. கணினி அறையில் அவள் மற்றவர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

ரமேஷுடனான முதல் சந்திப்புக்கு மாலதியும் பிரீத்தியும் காலை பஸ்ஸில் ஊட்டிக்குப் போனார்கள். மாலதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க முடிந்தது. ரமேஷ் ஒரு நாற்காலியிலும் பிரீத்தி எதிர் நாற்காலியிலும் இருந்தார்கள். நல்லாப் படிக்கிறியா என்று கேட்டான். படிக்கிறேன் என்றாள். சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. மீதி நேரம் முழுவதும் இருவரும் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் இரண்டு மாதங்கள் வந்தான். அதன் பிறகு வரவில்லை. வராத மாதங்களிலும் மாலதி அவளைக் கூட்டிக்கொண்டு போய், நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். உத்தரவை மீறியது தானாக இருக்கக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

அப்படி ஒரு முறை சும்மா திரும்பும்போது, பஸ் நிலையத்தில் வர்க்கி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, அந்த பிளாக்கை நானும் படிக்கலாமா என்று மாலதி மகளிடம் கேட்டாள். டீச்சரைக் கேட்கோணும் என்றாள் பிரீத்தி. பிறகு, நான் அதுல எழுதறதே இல்லையே என்றாள். தெரியும் என்றாள் மாலதி. மத்த புள்ளைக எழுதறதைப் படிக்கிறேன், எனக்கும் படிச்சுப் பழகோணுமல்ல என்றாள்.

சசிரேகா மாலதியின் கைப்பேசியில் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தாள். மாலதி தினமும் வேலை முடிந்து வந்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, ஒன்றிரண்டு பதிவுகளைப் படித்தாள். தெரியாத எழுத்தைப் பிரீத்தியிடம் கேட்டாள். அப்படிக் கேட்டபோதுதான், பிக்கட்டிப் பெண் ஒருத்தி கேட்டிருந்த கேள்வி பிரீத்தியின் கண்ணில் பட்டது. உங்க பக்கம் ஆலங்கட்டி மழை பெஞ்சா தகரக் கூரையில எப்படிச் சத்தம் கேக்கும் என்று அவள் கேட்டிருந்தாள். யாரும் இன்னும் பதில் எழுதவில்லை.

பிரீத்தி கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மாலதி அடுப்பைப் பற்றவைத்தாள்.